நாப்பத்தாறு பல்லு

சரி சார், மலையேறத்தான்னு சொன்னது பொய். ஒத்துக்கறேன். நீங்க சிரிச்ச சிரிப்புலயே தெரிஞ்சுபோச்சு, மாட்டிக்கிட்டேன்னு. இந்த உடம்பைப் பார்த்து மலையேறப் போறான்னு யாரு நம்புவா? எங்க வீட்டு மாடிக்கு ஏறினாலே நடுப்படியில நின்னு, ஏதோ பெரிசா யோசிக்கிற மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு மூச்சு வாங்குற ஆளு நான்.

வண்டிதானே ஏறப்போகுது, நீங்க இல்லையேன்னு கேக்கறீங்க. நியாயம்தான். ஆனா அது என்னையும் சேர்த்துத்தானே தூக்கணும்? பாவம் சார் அந்த வண்டி. என் மாமனார் கொடுத்தது. அவரு எடை அறுபதைத் தாண்டாது. அவரு ஓட்டினப்ப அது பறக்கும். இப்ப நான் ஏறி உக்காந்தா பின்னாடி ஸ்பிரிங் ரெண்டும் ஒரு சத்தம் போடும் பாருங்க, கடவுளேங்கற மாதிரியே இருக்கும்.

இல்ல இல்ல, சுவத்துல மாட்டவும் இல்ல, கடிகாரம் பண்ணவும் இல்ல. அந்தப் புண்ணியவான் பண்ணின காரியத்துக்கு நான் என்ன சார் பண்ணுவேன்? வண்டிக்குன்னு உங்ககிட்ட ஒரு பல்சக்கரத்தைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிட்டுப் போயி, நடுவுல ரெண்டு முள்ளை வச்சு ஹோட்டல் வாசல்ல கடிகாரமா மாட்டியிருக்கான்னா, அவனைக் கட்டி வச்சு உதைக்கணும். உங்க வயித்தெரிச்சல் புரியுது. அதுலேர்ந்து, காரணத்தைச் சொல்லாம ஒரு வாஷர்கூட இந்த ஷெட்டை விட்டு வெளிய போகாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. பண்ண வேண்டியதுதான். எவ்வளவு அழகா வச்சிருக்கீங்க! ஒவ்வொரு ஆணியிலயும் ஒண்ணொண்ணு, எண்ணெய் பூசி, தூசி இல்லாம. எங்க வீட்டுல நான் ஸ்பேனர் வைக்கிற இடத்தைப் பார்த்தீங்கன்னா என்னை உள்ளயே விட்டிருக்க மாட்டீங்க. போன மாசம் ஒரு ஸ்பேனர் அரிசி டப்பாவுல கிடைச்சுது.

எனக்கு வேண்டியது அந்த ஒண்ணுதான் சார். ஜன்னலுக்கு மேல தொங்குதே, பின்பக்கம் செயின் ஓடுற சக்கரம், நாப்பத்தாறு பல்லு. சைடு கார் மாட்டுற வண்டிக்குன்னு அந்தக் காலத்துல தனியா போட்டது. பிரேக் டிரம்மோட சேர்த்து ஒரே வார்ப்பு. அதனாலதான் வேற எங்கயும் கிடைக்கல. பல்லை மட்டும் வெட்டிக் கொடுப்பான்னு ஒரு லேத்துக்குப் போனேன். வெட்டித்தான் கொடுத்தான். ரெண்டே வாரத்துல ஒவ்வொரு பல்லும் வளைஞ்சு கொக்கி மாதிரி ஆயிடுச்சு. அதுல செயின் போட்டு ஓட்டுறதுக்குப் பதிலா தூண்டில் போடலாம்.

நீங்க ஃபோன்ல பதிலுக்குக் கேட்ட ஸ்பீடாமீட்டரைக் கழட்டிக் கொண்டாந்துட்டேன். துணியைப் பிரிச்சுப் பாருங்க. கண்ணாடி கீறல் இல்ல, முள்ளு ஒரிஜினல். மாமனார் இருந்திருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பாரு. அவரு பொண்ணை எனக்குக் கொடுக்கறப்பகூட அவ்வளவு யோசிக்கல சார், இந்த வண்டியைக் கொடுக்கத்தான் ரொம்ப யோசிச்சாரு.

எதுக்குன்னா... வண்டி மெதுவா போகணும். அவ்வளவுதான் விஷயம்.

பார்த்தீங்களா, சிரிக்கறீங்க. எல்லாரும் வேகமாப் போகணும்னு வருவாங்க, இவன் மெதுவா போகணும்னு வந்து நிக்கறானேன்னு. ஆக்ஸிலேட்டரைக் குறைச்சாலே மெதுவா போகுமேங்கறீங்க. அதான் இல்ல. உங்களுக்கே தெரியாததா? ஒரு ஆளு ஓடுற வேகம்னு வச்சுக்குங்க. நடக்கறதுக்கு மேல, சைக்கிளுக்குக் கீழே. அந்த வேகத்துல ஃபர்ஸ்ட் கியர்ல போனா, எஞ்சினுக்கு விக்கல் எடுக்குது. வெடுக் வெடுக்குன்னு இழுக்குது, உதறுது. சரி, கொஞ்சம் கொடுப்போம்னு முறுக்கினா, வண்டி கடன்காரனைப் பார்த்த மாதிரி ஓடுது. கிளட்சைப் பாதி பிடிச்சு ஓட்டினா கருகின வாடை வருது, என் விரலெல்லாம் மரத்துப்போயி, ஸ்கூல்ல சாக்பீஸ் பிடிக்க முடியல. எஞ்சின் சுகமா ஓடணும், சத்தம் ஒரே சீரா வரணும், வண்டி மட்டும் மெதுவா போகணும். அதுக்கு, செயினோட பின் சக்கரத்துல பல்லு ஜாஸ்தி வேணும், எஞ்சின்கிட்ட முன் சக்கரத்துல கம்மி வேணும்.

ஆமா சார், வாத்தியார்தான். கணக்கு.

அதைக் கேக்காம இருந்திருக்கலாம் நீங்க. ஏன்னா இப்ப அடுத்த விஷயத்தைச் சொல்லியாகணும். பின்னாடி முப்பத்தெட்டு பல்லு, முன்னாடி பதினேழு, இதுதான் வண்டியில இருந்தது. நான் உக்காந்து கணக்குப் போட்டேன். வேகம் குறையணும், இழுவை கூடணும். முன்னாடி பல்சக்கரத்தைப் பெரிசாக்கினா பெரிய சக்கரம் பலமா இழுக்கும்னு முடிவுக்கு வந்தேன். விகிதம் நடத்துறவன் சார் நான்! கரும்பலகையில வருஷா வருஷம் போடுறேன், மேல எது, கீழே எதுன்னு. போட்டதைத் தலைகீழாப் போட்டேன். பத்தொம்போது பல்லை வாங்கி, ஞாயித்துக்கிழமை முழுக்கத் தரையில உருண்டு, நானே மாட்டினேன். அவ்வளவு பெருமை. கையெல்லாம் கிரீஸோட, யாராவது ஒரு ஃபோட்டோ எடுத்தா நல்லாயிருக்குமேன்னுகூட நினைச்சேன்.

அடுத்த நாள் காலையில கிளட்சை விட்டேன் பாருங்க. குதிரை மாதிரி பாய்ஞ்சுது. எம் பொண்ணு பின்னாடியிலேர்ந்து கத்துறா, ப்பா, ரேஸுக்கா போறே, நான் இங்க இருக்கேன்னு. அன்னிக்குச் சாயங்காலம் சாப்பிடறப்ப ரொம்பப் பவ்யமாக் கேக்கறா, ஏம்ப்பா, உங்கிட்டப் படிக்கிற பசங்க பாஸ் ஆகறாங்களான்னு. என் வீட்டுக்காரி சாப்பிட்டுக்கிட்டு இருந்தவ புரையேறி எழுந்து போயிட்டா. நான் மட்டும் ஒண்ணும் கேக்காத மாதிரி இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்திக்கிட்டேன்.

பொண்ணுதான் சார். அவளுக்காகத்தான். காலையில அவ ஓடுவா. நான் வண்டியில முன்னாடி போவேன், அவ எனக்குப் பின்னாடியே ஓடி வருவா. காலேஜ்ல ஓடினவ. கப்பெல்லாம் வாங்கியிருக்கா. நடுவுல விட்டுட்டா, இப்ப மறுபடி ஆரம்பிச்சிருக்கா. பழைய குடோன் ரோடு இருக்குல்ல, ரெண்டு பக்கமும் நீளமா சுவரு, அந்த நேரத்துல ஈ காக்கா இருக்காது. ஒரே நேர் ரோடு. நான் முதல்லயே போயி ஒரு நடை நடந்து, கல்லு, பாட்டில் சில்லு எல்லாம் பொறுக்கிப் போட்டுட்டு வருவேன். குனிஞ்சு குனிஞ்சு நிமிரணும்ல, இந்த உடம்பு பார்க்கற ஒரே உடற்பயிற்சி அதுதான். சைலென்சரை வலது பக்கமா வளைச்சு விட்டிருக்கேன், புகை அவ மூஞ்சியில அடிக்கக் கூடாதுன்னு. அவ இடது பக்கமா வருவா.

ஒரு நாள் என்ன ஆச்சுன்னா, பால் வண்டிக்காரன் ஒருத்தன். எதிர்ல வர்றான். அவன் கண்ணுக்கு என்ன தெரியுது? ஒரு தடியன் மோட்டார் சைக்கிள்ல போறான், ஒரு பொண்ணு பின்னாடியே ஓடி வருது. அவ்வளவுதான். வண்டியைக் குறுக்க நிறுத்தினான், இறங்கினான், என் சட்டையைக் கொத்தாப் பிடிச்சான். திருட்டுப்பயலே, பொண்ணு செயினையாடா அறுத்துக்கிட்டு ஓடுறேங்கறான். திருடன் இவ்வளவு மெதுவாவாய்யா போவான்னு கேக்கணும்னு தோணுது. அதுக்குள்ள அவளும் வந்துட்டா. நான் சொல்றேன், எம்மா, சொல்லும்மா இவர்கிட்ட, நான் யாருன்னு. அவ இடுப்புல கையை வச்சுக்கிட்டு மூச்சு வாங்கிட்டு, ரொம்ப நிதானமாச் சொல்றா: யாருன்னு தெரியலீங்க, குரலைக் கேட்டா எங்கயோ கேட்ட மாதிரிதான் இருக்கு.

அவன் கையை ஓங்கிட்டான் சார்! அப்புறம்தான் அவளால சிரிப்பை அடக்க முடியல. ரோட்டுலயே உக்காந்து சிரிச்சா. எனக்குக் கோவம் வரணும்ல? வரல. அவ அப்படிச் சிரிச்சு எவ்வளவோ நாளாச்சு. ரெண்டு அடி வாங்கியிருந்தாலும் பரவாயில்லன்னு நின்னேன். பால்காரன் அப்புறம் மன்னிப்புக் கேட்டு ஒரு பாக்கெட் பால் கொடுத்துட்டுப் போனான். சட்டைப் பட்டன் ரெண்டு போனது போனதுதான்.

இருங்க, வர்றேன். நடந்தது எல்லாம் சிரிப்பு இல்ல.

பத்தொம்போதைக் கழட்டி எறிஞ்சுட்டு, முன்னாடி பதினஞ்சு போட்டேன். கொஞ்சம் தேவலை. ஆனா பத்தல. அதுக்கும் கீழே போனா செயின் ரொம்ப மடங்கித் தேயுது, அதனால மிச்சம் இருக்கிறது பின்னாடிதான். பின்னாடிக்கு உங்க ஆணியை விட்டா நாதி இல்ல. அப்படியே ஓட்டிக்கிட்டு இருந்தப்பதான், போன வாரம், எஞ்சின் விக்கிச்சு பாருங்க, ஒரு வெடுக்கு, பொட்டுன்னு நின்னுடுச்சு. வண்டி அப்படியே ரோட்டுல நட்டமா நிக்குது. அவ ஓடி வந்த வேகத்துல வந்து மோதிட்டா. நம்பர் பிளேட்டுல முழங்கால், கேரியர்ல உதடு. ரத்தம்.

விலகிப் போயிருக்கலாமேன்னு கேக்கறீங்க. ம்... ஒட்டித்தான் வந்துக்கிட்டு இருந்தா. விலக முடியல.

ஒரு சொட்டுத் தண்ணி கண்ணுல வரல சார் அவளுக்கு.  அவ ரத்தத்தைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னா, விடுப்பா, இது சரிப்பட்டு வராது, உன் வண்டிக்கும் வயசாச்சு, உனக்கும் வயசாச்சுன்னு. திட்டியிருந்தாத் தாங்கியிருப்பேன். சாந்தமாச் சொன்னா. அதுலேர்ந்து வெளிய வர்றதில்ல. ஷூவைக் கழுவிக் காயவச்சு, பேப்பரைத் திணிச்சுக் கட்டிலுக்கு அடியில வச்சுட்டா. நாள் முழுக்க ரூம்ல உக்காந்திருக்கா. காதுல எதையாவது மாட்டிக்கிட்டு. அவங்கம்மா காபி கொண்டுபோய் வச்சா, அப்புறம் குடிக்கறேங்கறா. ஆறிப்போய்த் திரும்பி வருது. அதைப் பார்க்க முடியல சார் என்னால.  இந்த நாப்பத்தாறு கிடைச்சா வண்டி நிக்காது. நிக்காதுன்னு தெரிஞ்சா நான் போயி அவகிட்டச் சொல்லலாம், வாம்மா, இனிமே விக்கல் இல்ல, ஒரே ஒரு தடவை வந்து பாருன்னு. வருவாளா மாட்டாளான்னு தெரியாது. கேக்கறதுக்காவது கையில ஒண்ணு வேணும்ல?

இல்ல, இந்தத் தடவை கணக்குச் சரிதான். மூணு வாட்டிப் போட்டுப் பார்த்துட்டேன். பதினஞ்சுக்கு நாப்பத்தாறு. முதல்ல இருந்ததைவிட வேகம் கால் பங்குக்கு மேல குறையும். செயின் மட்டும் கொஞ்சம் நீளமா வேணும், அது கடையில கிடைக்குது. நீங்களும் மனசுல போட்டுப் பார்த்துட்டீங்க, தலையாட்டறீங்களே. சந்தோஷம். வாத்தியார் பாஸ்.

கூட ஓடலாமேங்கறீங்களா? நானா? ஓடிப் பார்த்தேன் சார். முதல்ல அதைத்தான் பண்ணினேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு முனையில ஒரு கைக்குட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஓடினோம். குடோன் வாசல் வரைக்கும்கூடப் போகல, அவதான் என்னை இழுத்துக்கிட்டு ஓடினா. கடைசியில வாட்ச்மேன் நாற்காலி போட்டு என்னை உக்காரவச்சு விசிறினாரு. அவ அப்பவே சொல்லிட்டா, உன்னைக் காப்பாத்தறதுக்கா ஓட வந்தேன்னு.

புது வண்டியா? எதிர் வீட்டுக்காரர் மின்சார வண்டி ஒண்ணு வச்சிருக்காரு, எவ்வளவு மெதுவா வேணும்னாலும் போகும், உதறாது. ஆனா அது ஊமை வண்டி சார். பக்கத்துல வந்து நின்னாலும் தெரியாது. எனக்கு வேலைக்கு ஆகாது.

சைக்கிளும் அதே கதிதான். சைக்கிள்ல முன்னாடி போனா நான் எங்க போறேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? சத்தம் வந்தாத்தானே பின்னாடி வருவா. கண்ணு தெரியாதுல்ல அவளுக்கு.

ஐயோ.

சொல்லிட்டேனா? சொல்லித் தொலைச்சுட்டேன். வாசல்ல நுழையறப்பகூட நினைச்சுக்கிட்டேன், மலைன்னு சொல்லு, மாட்டிக்கிட்டா பிராக்டிஸுன்னு சொல்லு, அதுக்கு மேல வாயைத் திறக்காதேன்னு. இந்த வாய் இருக்கே சார், ஸ்கூல்ல நாப்பது பசங்களைத் தூங்கவச்ச வாய், இங்க வந்து முழிச்சுக்கிச்சு.

ஆமா. சுத்தமாத்தான். ரெண்டு வருஷமாக் கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. பார்க்காத டாக்டர் இல்ல. முதல்ல ஓட்டத்தை விட்டா, அப்புறம் காலேஜை விட்டா, அப்புறம் வாசலை விட்டா. ஒரு நாள் நான் எங்கயோ போயிட்டு வந்து வண்டியை நிறுத்தறேன், கதவுகிட்ட நிக்கறா. சொல்றா, ப்பா, உன் தகர டப்பா மூணு தெரு தள்ளி வர்றப்பவே எனக்குத் தெரியுது, நீ எந்தத் திருப்பத்துல திரும்பறேன்னுகூடத் தெரியுது, அது பின்னாடி நான் ஓடினா என்னன்னு. அவளாக் கேட்டா சார். நாங்க யாரும் சொல்லல. அன்னிக்கு ராத்திரி என் வீட்டுக்காரி அடுப்படியில தனியா நின்னு அழுதா.

ஏன் முதல்லயே சொல்லலன்னா, அவ சொல்லக் கூடாதுன்னுட்டா. ஷூ வாங்கப் போனப்ப நான் கடைக்காரர்கிட்ட இந்த மாதிரிதான் உளறிட்டேன். அவரு உச்சுக் கொட்டி, ரெண்டு ஜோடி சாக்ஸைச் சும்மாவே பையில போட்டு, அவ தலையைத் தடவிக் கொடுத்தாரு. நல்ல மனுஷன்தான், தப்பாச் சொல்லல. அவ வீட்டுக்கு வந்து சாக்ஸை என் மேல வீசினா. என் கண்ணைக் காட்டி இனிமே ஒரு குண்டூசிகூட வாங்கிட்டு வராதே, அதுக்கு நான் வெறுங்காலோட ஓடறேன்னா.

சார், சார், உக்காருங்க. எங்க எழுந்திரிக்கறீங்க? அந்த ஸ்டூலைப் போடாதீங்க. அதைத் தொடாதீங்க. ஐயோ, மீட்டரை ஏன் என் பையில திணிக்கறீங்க? கையெடுத்துக் கும்பிடறேன், வேணாம். இப்படி நீங்க எடுத்துக் கொடுத்தா என்னால இதை வாங்க முடியாது. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் கேப்பா, எப்படிப்பா கொடுத்தாருன்னு. பொய் சொன்னா என் குரல்லயே கண்டுபிடிச்சிருவா, மூச்சு விடற விதத்துலயே கண்டுபிடிச்சிருவா. அப்புறம் ஷூ கட்டிலுக்கு அடியிலயே கிடக்க வேண்டியதுதான்.

எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. மீட்டரை எடுத்து வச்சுக்குங்க. நான் வந்தப்ப எப்படி முறைச்சீங்களோ அப்படியே முறைங்க. மெதுவா போறதுக்கு ஒரு நல்ல சாமானை வீணாக்கறியே, மடையான்னு திட்டுங்க. போதாதுன்னா இன்னும் ரெண்டு சேர்த்துக்குங்க. நல்லாத் திட்டி வாங்கிட்டு வந்தேன்னு நான் அவகிட்ட நெஞ்சை நிமிர்த்திச் சொல்லணும். அதுல அவளுக்கும் ரொம்ப சந்தோஷம் இருக்கும்.

ம், ஆரம்பிங்க... இல்ல சார், இப்படி இல்ல. குரல் தழுதழுக்குது பாருங்க. இப்படித் திட்டினா அவ நம்ப மாட்டா. தண்ணி ஏதாவது குடிங்க, நான் இருக்கேன். குடிச்சுட்டு நிதானமா ஆரம்பிங்க.